ராஜுலா கப்பல்ல 8 ரோல் பிலிம்: கடலுக்கு முதுகைக் காட்டி நின்னப்பதான் படம் கிடைச்சுது

கப்பல்ல கேமராவோட ஏறுறவன் செய்யுற முதல் தப்பு கடலைப் படம் எடுக்குறது. நானும் அதையேதான் செஞ்சேன். 1970 பிப்ரவரியில பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் பியர்லேர்ந்து ராஜுலா கிளம்பினப்ப எங்கிட்ட 8 ரோல் பிலிம் இருந்துச்சு, ரோலுக்கு 12 படம், ஆக மொத்தம் 96. அதுல முதல் 12ஐயும் தண்ணிக்கே தாரை வார்த்துட்டேன். நுரை, அலை, சூரியன் மறையுறது, திரும்பவும் நுரை. கறுப்பு வெள்ளை பிலிம்ல போயி சூரியன் மறையுறதை எடுத்திருக்கேன்னா பாத்துக்கங்க. கோலா மீன் கூட்டமா எந்திரிச்சுப் பறந்தப்ப அதுக்குன்னு 3 படம், கழுவிப் பாத்தா மீனைக் காணோம், வெறும் கடல்தான், அதுல ஒரு புள்ளி, அது மீனா தூசியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா, பேரன் போன தீபாவளிக்கு நெகட்டிவ் ஸ்கேன் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்தான், மைலோ டின்னுக்குள்ள 50 வருஷத்துக்கு மேல கிடந்த சுருளையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன். அவன் வேற கல்யாணம் முடிஞ்ச கையோட குரூஸ் போகப்போறானாம், கப்பல்ல எப்படி படம் எடுக்கணும்னு சொல்லுங்க தாத்தான்னான். வாயால சொன்னா பாதி மறந்துபோகுது, அதான் உக்காந்து டைப் பண்றேன், ஒரு விரல்தான், பொறுத்துக்கங்க.

ராஜுலாவைத் தெரியாதவங்களுக்காக. 1926ல கிளாஸ்கோவுல பார்க்ளே கர்ல் யார்டுல கட்டுன கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது, 8,000 டன்னுக்கு மேல. ஒத்தைப் புகைக்கூண்டு, கறுப்புப் பெயிண்ட், அதுல ரெண்டு வெள்ளை வளையம். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்ப போர்ட் கிளாங்னு சொல்றாங்களே அதேதான்), சிங்கப்பூர், திரும்ப அதே வழி. இதோட கூடப்பொறந்த கப்பல் ரோனா, அதை 1943 நவம்பர் 26ல மத்தியதரைக் கடல்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டு மூழ்கடிச்சதுல ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் அமெரிக்கப் பட்டாளத்து ஆளுங்க. ராஜுலாவும் அந்த சண்டையில பட்டாளம் ஏத்துன கப்பல்தான், தப்பிச்சு வந்து மறுபடி நம்ம ஜனத்தை ஏத்த ஆரம்பிச்சுது. 1973 வரைக்கும் ஓடிச்சு. அப்புறம் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் கைக்குப் போயி ரங்கத்னு பேரு மாத்துனாங்க, அடுத்த வருஷமே உடைச்சாச்சு. கீழத்தஞ்சையில எங்க தலைமுறை ஆளுங்ககிட்ட அக்கரைச் சீமைன்னு சொன்னீங்கன்னா அவங்க கண்ணுல முதல்ல வர்றது சிங்கப்பூரோ மலேயாவோ இல்லை, அந்தக் கறுப்புப் புகைக்கூண்டுதான்.

நான் போனது 1966ல, 17 வயசு, மாமா கூட்டிட்டுப் போனாரு, பினாங்குல ஒரு மளிகைக் கடையில கணக்கு எழுதுற வேலை. சாயங்காலம் கடை அடைச்சதும் பக்கத்துத் தெருவுல ஒரு சீனர் ஸ்டுடியோ, அங்க போயி டார்க் ரூம்ல தட்டு அலசிக் குடுத்து அலசிக் குடுத்து தொழில் கத்துக்கிட்டேன். அவரு பேசுற மலாய் எனக்குப் பாதி புரியும், நான் பேசுற மலாய் அவருக்குப் பாதி, ஆனா டெவலப்பர் சூடு சரியா இல்லைன்னா முதுகுல ஒரு அறை விழும் பாருங்க, அதுக்கு மொழி தேவையில்லை. அவருகிட்டயேதான் பழைய யாஷிகா டி ஒண்ணை தவணையில வாங்குனேன். மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ், மேல இருந்து குனிஞ்சு கண்ணாடியில பாக்குற கேமரா. வெளிச்சம் அளக்குற மீட்டர் கிடையாது.

திரும்பி வந்த காரணம் எனக்கு மட்டும் உள்ளது இல்லை. 1968ல ஒரு சட்டம் வந்துச்சு, குடியுரிமை இல்லாதவங்க வேலை பாக்கணும்னா பெர்மிட் வேணும்னு. 1969 மே 13 மலாய்-சீனர் கலவரத்துக்கு அப்புறம் அதை கறாரா அமல் பண்ண ஆரம்பிச்சாங்க. சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற அடையாள அட்டை வச்சிருந்தவங்க, ரப்பர் தோட்டத்துல 30 வருஷம் 40 வருஷம் பால் வெட்டுனவங்க, தோட்டத்துலயே பொறந்து வளந்தும் பேப்பர் சரி பண்ணாம விட்டவங்க, ஆயிரக்கணக்குல கிளம்புனாங்க. அதுக்கு முன்னாடியே தோட்டத் துண்டாடல்ல, அதாவது பெரிய தோட்டத்தைத் துண்டு துண்டா வித்ததுல, நிறைய பேருக்கு வேலை போயிருந்துச்சு. எனக்கும் பெர்மிட் கிடைக்கலை. நானாவது 4 வருஷம் முன்னாடி வந்தவன், ஊர்ல அம்மா அப்பா இருக்காங்க. டெக்ல என் பாய்க்குப் பக்கத்துல பாய் போட்ட குடும்பத்துல அப்பா ஒருத்தரைத் தவிர யாருமே இந்தியாவைப் பாத்ததில்லை. அவங்களைக் கேட்டா ஊருக்குப் போறோம்னுதான் சொன்னாங்க, எந்த ஊருன்னு கேட்டா சின்னப் புள்ளைங்க அப்பா மூஞ்சியைப் பாக்கும்.

இதையெல்லாம் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் நான் 12 படம் அலையை எடுத்திருக்கேன்.

மறுநாள் காலையில ரோல் மாத்திக்கிட்டு இருந்தப்ப ஒரு பாட்டி வந்து, ஏய்யா அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னத்தை குனிஞ்சு குனிஞ்சு பாக்குற, எதுவும் வச்சு அடைகாக்குறியான்னு கேட்டுச்சு. சரி வாங்க ஆத்தான்னு கேமராவை அது கிட்ட கொண்டுபோயி மேல மூடியைத் திறந்து காட்டுனேன். டெக்கு முழுசும் சின்னதா அந்தக் கண்ணாடியில தெரியுது, ஆனா இடம் வலமா வலம் இடமா. அந்தப் பக்கம் நடக்குற ஆளு இந்தப் பக்கம் போறான். பாட்டிக்கு சிரிப்பு தாங்கலை, மருமகளைக் கூப்புட்டு, பேரனைக் கூப்புட்டு, அரை மணி நேரத்துல எனக்கு முன்னாடி ஒரு கியூ நிக்குது. எல்லாரும் பாத்தாச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்து டெக்ல நான் கேமராவைத் தூக்குனா யாரும் தலைமுடியைக் கோதலை, யாரும் விறைச்சுக்கிட்டு நிக்கலை. அந்தப் பொட்டிக்குள்ள என்ன தெரியும்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் அதுல என்ன அதிசயம் இருக்கு. அது வரைக்கும் திருட்டுத்தனமா எடுத்தாத்தான் இயல்பா வரும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். காட்டிட்டு எடுத்தப்பதான் வந்துச்சு. போன்ல எடுக்குறவங்களுக்கும் இதைத்தான் சொல்வேன், முதல்ல அவங்க கையில குடுத்து நாலு படம் அவங்களையே எடுக்கச் சொல்லுங்க, நல்லா இருக்கோ இல்லையோ, அப்புறமா நீங்க எடுங்க.

வெளிச்சம் பத்தி சொல்லணும்னா, கப்பல்ல மூணு வெளிச்சம்தான். திறந்த டெக்ல வெயில், அது கொடுமை. மேலேர்ந்து சூரியன், கீழேர்ந்து கடல் பளபளப்பு, சுத்தி வெள்ளைப் பெயிண்ட், நடுவுல நம்ம ஜனம் கறுப்பு மூஞ்சி, மூஞ்சி மட்டும் இருட்டா விழுந்துரும். 125 ஸ்பீடு வெரிகுரோம் பான் பிலிமுக்கு வெயில்ல எஃப் 16, 1/125 (எஃப் நம்பர் லென்ஸ் திறப்பு, நம்பர் குறைஞ்சா திறப்பு பெருசு; மத்தது ஷட்டர் திறந்திருக்குற நொடி) அப்படிங்கறதுதான் டப்பாவுல போட்ட கணக்கு, நான் அதை நம்பி எடுத்ததெல்லாம் வானம் பிரமாதம், ஆளுக்கு கண்ணு மூக்கு இல்லை. மூஞ்சிக்குன்னு ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம், கூட திறக்கணும், வானம் வெளுத்துப்போனா போகட்டும், வானத்துக்கு சொந்தக்காரங்க யாரும் பின்னாடி வந்து படம் கேக்கப்போறதில்லை.

ரெண்டாவது, கேன்வாஸ் கூடாரத்து நிழல். டெக்குக்கு மேல வெயிலுக்குத் துணி இழுத்துக் கட்டியிருப்பாங்க, அதுக்குக் கீழ விழுற வெளிச்சம் இருக்கே, எந்த ஸ்டுடியோக்காரனும் காசு குடுத்து வாங்க முடியாது. மேல துணி வடிகட்டிக் குடுக்குது, பக்கவாட்டுல கடல் வெளிச்சம் மெதுவா வருது, சுருக்கம் விழுந்த மூஞ்சியெல்லாம் அப்படியே செதுக்கி வச்சாப்ல. எஃப் 5.6, 1/60. காலையில 8 மணிலேர்ந்து 10 மணி வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன், அங்கதான் பொம்பளைங்க தலை சீவி விடுவாங்க, ஆம்பளைங்க சீட்டு ஆடுவாங்க, கோடாலித் தைல வாடை வீசும், யாராவது ஒருத்தருக்கு வாந்தி வந்துக்கிட்டே இருக்கும். என் 96ல உருப்படியான படம்னு இன்னிக்கு நான் சொல்றதுல முக்கால்வாசி அந்தத் துணிக்குக் கீழ எடுத்ததுதான்.

மூணாவது கீழ்த்தளம். அங்க பல்பு வெளிச்சம்தான், டிரை எக்ஸ் 400 பிலிம் போட்டு, லென்ஸை முழுசா 3.5க்குத் திறந்தும் 1/8, 1/15க்கு மேல போக முடியாது. இங்கதான் நான் பெருசா ஏமாந்தேன். கை ஆடும்னு பயந்து கேமராவை இரும்புத் தூண் மேல அழுத்தி வச்சு எடுத்தேன், ஸ்டுடியோவுல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க, எதையாவது பிடிச்சு முட்டுக் குடுன்னு. ஆனா கப்பல்ல தூணு சும்மா நிக்குற தூணு இல்லைங்க. கீழ நீராவி இன்ஜின் தடதடன்னு அடிக்குது, அந்த அடி அத்தனையும் இரும்பு வழியா ஏறி கேமராவுக்குள்ள வந்துருது. 6 படம் போச்சு, எல்லாத்துலயும் ஆளுக்கு நாலு நாலு காது. அப்புறமாத்தான் கண்டுபுடிச்சேன், எதையும் தொடாம நடுவுல நின்னு, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, கேமரா வாரை கழுத்துல மாட்டி கேமராவைக் கீழ அழுத்தி வாரை டைட்டா இழுத்துப் பிடிச்சு, மூச்சை விட்டு முடிச்ச நிமிஷத்துல அமுக்கணும். நம்ம உடம்பே ஸ்பிரிங்கு மாதிரி அதிர்வை வாங்கிக்கும். டிரைபாடு தூக்கிட்டுப் போறவங்க கப்பல் ஓடுறப்ப அதை வச்சு மெதுவான ஷட்டர் எடுத்தீங்கன்னா இதே கதிதான். இப்ப வர்ற கப்பல்ல அதிர்வு கம்மிதான், ஆனாலும் ஒரு டம்ளர் தண்ணியை டேபிள்ல வச்சுப் பாருங்க, தண்ணி நடுங்குச்சுன்னா டேபிளை நம்பாதீங்க.

சாப்பாட்டு நேரம். பண்டாரிங்க, அதான் கப்பல் சமையல்காரங்க, பெரிய பெரிய அண்டாவுல சோறு வடிப்பாங்க, ஜனம் தட்டு எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கும். ஆவி பறக்கும், பின்னாடியிலேர்ந்து வெளிச்சம் வந்தா ஆவி வெள்ளையா படத்துல விழும், ரொம்ப ஆசைப்பட்டு எடுத்தேன், நல்லாவும் வந்துச்சு. ஆனா இப்ப ஸ்கேன் பண்ணிப் பாக்கறப்ப அந்த ஆவிப் படத்தை ரெண்டு நொடி பாத்துட்டுத் தாண்டிடுறேன். அதுக்கு அடுத்த படம், சும்மா ரோலை முடிக்கணும்னு எடுத்தது, வரிசையில நிக்குறவங்களோட தட்டு மட்டும். ஒருத்தர் கையில எனாமல் தட்டு, ஒருத்தர் டிபன் கேரியர் அடுக்குல ஒண்ணு, ஒரு பொண்ணு மங்குக் கோப்பை, பூப்போட்ட சீனக் கோப்பை, அதுல ஒரு விளிம்பு உடைஞ்சிருக்கு. அந்த உடைஞ்ச கோப்பையை விட்டுட்டு வர மனசு வராம துணியில சுத்திக் கொண்டு வந்திருக்கு பாருங்க அந்தப் பொண்ணு. இதை அன்னிக்கு நான் பாக்கவே இல்லை. அழகா இருக்கேன்னு எடுத்தது எதுவும் நிக்கலை, சாமான் செட்டுன்னு எடுத்ததுதான் நிக்குது.

ஒரு கெட்ட விஷயமும் சொல்லிடுறேன். மூணாவது நாள் மத்தியானம் எல்லாரும் தூங்குறாங்க, ஒரு அம்மா குழந்தையை அணைச்சபடி படுத்திருக்கு, சேலை கொஞ்சம் விலகியிருக்கு, எனக்கு அது எதுவும் கண்ணுல படலை, அந்தக் கையோட வளைவுதான் பட்டுச்சு, எடுத்துட்டேன். அந்த யாஷிகாவுல சத்தமும் வராது, சின்ன கிளிக்குதான். அவங்க புருஷன் முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்காரு. எந்திரிச்சு வந்து, ஏன்டா தூங்குற பொம்பளையைப் படம் புடிப்பியா, உன் ஆத்தாளை இப்படி எடுப்பியான்னு கேட்டாரு. அடிக்கலை. அடிச்சிருந்தாக்கூட பரவாயில்லை. அங்கயே பின்னாடி மூடியைத் திறந்து ரோலை உருவி வெயில்ல காட்டி அவரு கையில குடுத்தேன், அதுல வேற 7 படம் இருந்துச்சு, எல்லாம் போச்சு. வாங்கி சுருட்டிக் கடல்ல போட்டாரு. நாகப்பட்டினத்துல இறங்குற வரைக்கும் அவரு எங்கூட ஒரு வார்த்தை பேசலை, நானும் அந்தப் பக்கம் கேமராவோட போகலை. தூங்குறவங்க, வாந்தி எடுக்குறவங்க, அழுவுறவங்க, இந்த மூணு பேரையும் கேக்காம எடுக்கக்கூடாதுன்னு அன்னிக்கு வச்ச முடிவு. அழுவுறவங்ககிட்ட போயி கேக்கவும் முடியாது, அதனால எங்கிட்ட அழுவுற படம் ஒண்ணுகூட இல்லை. அந்தக் கப்பல்ல எவ்வளவு அழுகை இருந்துச்சுன்னு படத்தைப் பாத்தா தெரியாது.

கடிகாரம் ஒரு தொல்லை. மலேசியாவுல அப்ப நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 7.30 மணி முன்னாடி, நம்மூர் 5.30, ஆக 2 மணி நேரம் வித்தியாசம். கப்பல்ல கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளிக்கிட்டே வருவாங்க. நான் பினாங்கு நேரத்தையே கையில கட்டிக்கிட்டு, சாயங்கால வெளிச்சம் இத்தனை மணிக்குன்னு கணக்குப் போட்டு போயி நின்னா சாப்பாட்டு வரிசை இன்னும் ஆரம்பிக்கலை, வெயிலு தலைக்கு மேல நிக்குது. ஒரு பெரியவரு, தம்பி இந்தக் கப்பல் நமக்கு 2 மணி நேரம் ஆயுசைத் திருப்பிக் குடுக்குதுய்யா, வச்சுக்கன்னாரு. எனக்கு அப்ப சாயங்கால வெளிச்சம் இன்னும் வரலையேன்னுதான் கவலை.

பிலிமைப் பாதுகாக்குறது. உப்புக் காத்து, புழுக்கம், ரெண்டும் பிலிமுக்கு எமன். என் கேமராவுக்குப் போடுற 120 பிலிம்ல பின்னாடி ஒரு பேப்பர் சுத்தியிருக்கும், ஈரம் ஏறினா அது ஒட்டிக்கிட்டு நம்பரெல்லாம் படத்துல அச்சு விழும். ஸ்டுடியோக்காரர் சொன்னபடி மைலோ டின்ல அடியில ஒரு கை அரிசியை நல்லா வறுத்து ஆறவச்சு துணியில கட்டிப் போட்டேன், மேல ரோல், மூடியைச் சுத்தி இன்சுலேஷன் டேப். எடுத்து முடிச்ச ரோலும் அதுலயே. ஒரு ரோலை மட்டும் அவசரத்துல இழுத்து டைட்டா சுத்தாம ஒட்டிட்டேன், ரெண்டு ஓரமும் வெளிச்சம் குடிச்சுப்போச்சு, அது முழுக்க என் சோம்பேறித்தனம். லென்ஸைத் துடைக்குறதுல ஜாக்கிரதை, கடல் காத்துல லென்ஸ் மேல படியுறது வெறும் ஈரம் இல்லை, உப்பு. காய்ஞ்ச துணியால தேய்ச்சா மணல் காகிதம் போட்டு தேய்ச்ச மாதிரி. நல்ல தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தி எடுத்துட்டு அப்புறம் காய்ஞ்ச துணி. போனுக்கும் இதேதான், சட்டை நுனியில துடைக்காதீங்க.

இதோட சேந்தது இன்னொண்ணு. 1979ல மறுபடி பினாங்கு போனேன், அப்ப ராஜுலா இல்லை, எம்.வி. சிதம்பரம். அது பாஸ்டர்னு பேருல ஃபிரான்ஸ்காரன் ஓட்டுன கப்பல், நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கிப் பேரு மாத்துனாங்க, 1985ல தீப்பிடிச்ச பிறகு அந்த லைன்ல பயணிகள் சர்வீஸே நின்னுபோச்சு. சிதம்பரத்துல ஏசி. கலர் பிலிம் வேற போட்டு வச்சிருக்கேன், பந்தாவா உள்ளேர்ந்து டெக்குக்கு வந்து கேமராவைத் தூக்குனா லென்ஸ் பால் வடிஞ்ச மாதிரி வெள்ளையா போச்சு. துடைச்சா மறுபடி மூடிக்குது. 20 நிமிஷம் ஆகும் அது தெளிய, அதுக்குள்ள வெளிய நடந்ததெல்லாம் நடந்து முடிஞ்சுபோச்சு. குரூஸ் போறவங்க எல்லாருக்கும் இது நடக்கும். கேமராவைப் பையில போட்டு ஜிப்பை இழுத்து மூடி வெளிய கொண்டுவந்து, பையோடவே அரை மணி நேரம் வச்சுட்டு அப்புறம் திறங்க.

ராஜுலாவுக்கே வர்றேன். நாலு நாளு தாண்டி ஒரு விடிகாலை, கப்பல் முன்பக்கம் ஒரே சத்தம், மனாரா தெரியுது மனாரா தெரியுதுன்னு. நாகூர் தர்காவோட பெரிய மனாரா, அதாவது கோபுரம், 131 அடி, கரை தெரியறதுக்கு முன்னாடி அதுதான் குச்சி மாதிரி தண்ணிக்கு மேல எந்திரிக்கும். துலுக்க வீட்டு ஆளுங்க கையேந்தி துவா செய்யுறாங்க, பக்கத்துலயே நம்ம ஆத்தா ஒருத்தி நாகூராண்டவரேன்னு கன்னத்துல போட்டுக்குது. பினாங்குல சூலியா தெருவுல ஒரு நாகூர் தர்கா இருக்கு, சிங்கப்பூர்லயும் தெலுக் ஆயர் தெருவுல ஒண்ணு, அங்க வேண்டிக்கிட்டு ஏறுனவங்களுக்கு இங்க அசல் மனாராவே எதுக்க வந்து நிக்குது. நானும் கேமராவைத் தூக்கிட்டு முன்னாடி ஓடுனேன். குனிஞ்சு கண்ணாடியில பாத்தா மனாரா ஒரு மயிரிழை. அந்த லென்ஸுல அவ்வளவுதான் வரும். சீ போன்னு திரும்புனேன் பாருங்க, எனக்கு எதுக்க ஒரு 200 மூஞ்சி. விடிகாலை வெளிச்சம் அத்தனை மூஞ்சியிலயும் மெதுவா விழுது, ஒருத்தர்கூட என்னைப் பாக்கலை, எல்லாரும் எனக்குப் பின்னாடி எதையோ பாக்குறாங்க. சிரிக்கறவங்க இருக்காங்க, வாயைப் பொத்திக்கிட்டு நிக்குறவங்க இருக்காங்க. பக்கத்துப் பாய்க் குடும்பத்து அப்பா கையை நீட்டிக் காட்டுறாரு, புள்ளைங்க அந்தக் கையைப் பாக்குதுங்க, கரையைப் பாக்கலை. அந்த ஒரு ரோலை அங்கயே நின்ன இடத்துல முடிச்சேன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

நாகப்பட்டினத்துல கப்பல் கரையோரம் வராது, ஆழம் பத்தாது, கடல்லயே நங்கூரம் போட்டுரும். படகு வந்து ஆளையும் சாமானையும் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோகும். ஏணியில இறங்கறப்ப படகு ஒரு ஆள் உயரம் மேல வருது, கீழ போகுது, மேல வர்ற நேரம் பாத்து காலை வைக்கணும். அந்தக் காட்சியை எடுக்கணும்னு கை பரபரக்கும். எடுக்காதீங்க. ரெண்டு கையும் ஏணிக்குத்தான். நான் கேமராவை பாலிதீன் பையில சுத்தி மஞ்சப்பையில போட்டு முதுகுல கட்டிக்கிட்டு இறங்குனேன், எனக்கு முன்னாடி இறங்குன ஒருத்தர் டிரான்சிஸ்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கி, அது தண்ணிக்குள்ள பாடிக்கிட்டே போச்சுன்னு பின்னாடி எல்லாரும் சொல்லிச் சிரிப்பாங்க. பாடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது, போனது உண்மை.

ஊருக்கு வந்து கழுவுறதுல ஒரு வினை. கையில காசு இல்லை, மருந்து வாங்க முடியலை, டவுன்ல ஒரு ஸ்டுடியோவுல குடுத்தேன். ரெண்டு ரோலை பழைய ஹைப்போவுல, அதாவது கழுவுன படத்தை நிலைக்க வைக்கிற மருந்துல, போட்டு சரியா அலசாம குடுத்துட்டாங்க. அப்ப பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. 10 வருஷத்துல பழுப்பு ஏறி, இப்ப பாதிப் படம் டீ கறை மாதிரி. எனக்குத் தொழில் தெரியும்ல, வாங்குன அன்னிக்கே வீட்டுல ஒரு தடவை ஹைப்போவுல போட்டு அரை மணி நேரம் ஓடுற தண்ணியில அலசியிருந்தா தப்பிச்சிருக்கும். தெரிஞ்சும் செய்யலை.

இப்ப ஸ்கேன் பண்றவங்களுக்கு சொல்றேன், பழைய நெகட்டிவ் வீட்டுல இருந்தா முதல்ல மோந்து பாருங்க. புளிக்காடி வாடை அடிச்சா பிலிம் அழிய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அதை மத்த நெகட்டிவ்கிட்ட வைக்காம தனியா எடுத்து வச்சு, முதல்ல அதை ஸ்கேன் பண்ணுங்க. பூஞ்சை இருந்தா தண்ணியில போட்டுக் கழுவுறேன்னு கிளம்பாதீங்க, பூஞ்சை தின்ன இடத்துல மருந்துப் படலம் தண்ணி பட்டா கரைஞ்சு போயிரும். நான் 2400 டிபிஐயில எடுக்குறேன், அதுக்கு மேல போனாலும் என் லென்ஸுக்கு பெருசா எதுவும் கூடலை, பைல்தான் பெருக்குது.

என் பெரிய வருத்தம் படம் போனது இல்லை. பேரு எழுதி வைக்கலை. ஒருத்தர் பேருகூட. 4 நாளு ஒண்ணா சாப்பிட்டு ஒண்ணா படுத்தவங்க, மறக்கவா போகுதுன்னு ஒரு திமிரு, 21 வயசுல்ல. பிரிண்டு போட்டு அனுப்புறேன் அனுப்புறேன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன், அட்ரஸ் வாங்கலை. பேரன்கிட்ட மத்த எதைக் கேக்காட்டியும் இதைக் கேளுடான்னு சொல்லியிருக்கேன், யாரை எடுத்தாலும் அன்னிக்கு ராத்திரியே பேரு, ஊரு, போன் நம்பர், ஒரு நோட்டுல, படத்தோட நம்பர் போட்டு.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. தோட்டத்துலேர்ந்து வர்றவங்க தகரப் பெட்டி மேல வெள்ளைப் பெயிண்டுல பெருசா எழுதியிருப்பாங்க, பேரு, ஊரு, தாலுக்கா, ஜில்லா, காணாமப்போனா வந்து சேரணும்ல. அன்னிக்கு எனக்கு அந்தப் பெட்டிங்க மேல கோவம், எங்க நின்னு எடுத்தாலும் பின்னாடி எழுத்து எழுத்தா வந்து படத்தைக் கெடுக்குதுன்னு, முடிஞ்ச வரைக்கும் தள்ளிவச்சு எடுத்தேன். போன மாசம் 5ஆவது ரோல், 7ஆவது படம், தலை சீவி விடுற படம், கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தா பின்னாடி பெட்டி இருக்கு. பக்கத்துப் பாய்க் குடும்பத்துப் பெட்டி. மன்னார்குடி தாலுக்கா, தஞ்சாவூர் ஜில்லான்னு பளிச்சுனு தெரியுது, கிராமத்துப் பேரு முழுசா இருக்கு, எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ்தான். அதுக்கு மேல வரியில ஆளு பேரு, கடைசி மூணு எழுத்து படிக்க முடியுது, முதல் எழுத்துங்களை அந்தப் பொண்ணோட முழங்கால் மறைச்சிருக்கு.